தபசு காலத்தில் ஏறிய கொடி

எங்கள் கோவில் சாப்பாட்டுக்கடையாகப் போகிறது என்று நான் நம்பினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே கையில் எடுத்துத் தருவது மரியாதை.

நம்பியது மட்டுமல்ல, மேசைகள் எங்கே வரும் என்றும் மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில், அந்த மரக்கூண்டுக்குள், காசு வாங்குகிறவர். பீடத்தில் மதுப் போத்தல்கள். ஞானஸ்நானத் தொட்டியில் ஐஸ் போட்டு, அதன் மேல் மீன்.

போன கிழமைப் பத்தியைப் படித்து என் துணிச்சலை மெச்சி ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்தக் கிழமை அவருக்கு மருந்து.

இத்தாலியில், இந்தப் பலெர்மோவில், வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்நேரம் ஓய்வு. லிபெர்த்தாத் தெருவில் நான் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாவுக்கு, சிஞ்ஞோராவுக்கு, சாப்பாடும் மாத்திரையும் கொடுத்து, தொலைக்காட்சியில் அவருக்குப் பிடித்த வாய்ச்சண்டையைப் போட்டுவிட்டு, போர்கோ வெக்கியோவுக்கு நடந்து வருவேன். எங்கள் கோவில் அங்கே, சந்தைக்குப் பின்னால். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். தேவாலயம் என்று எழுதுவோம், கோவில் என்று கதைப்போம்.

அன்று நான் அந்தோனியார் பீடத்துக்குப் பின்னால் முழங்காலில் நின்று மெழுகுதிரிக் கால்களைத் துலக்கிக்கொண்டிருந்தேன். பெரிய கதவு திறந்தது. புதிதாக வந்த பங்குச்சாமி தொன் மிக்கேலே நுழைந்தார். (இங்கே சுவாமிமாரை 'தொன்' என்பார்கள்.) கூட இரண்டு பேர். இரண்டு பேருக்கும் நல்ல சப்பாத்து. நல்ல சப்பாத்துப் போட்டவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று பொருள்.

ஒருவர் சட்டைப்பையிலிருந்து சின்ன இயந்திரம் ஒன்றை எடுத்தார். அதிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளி கிளம்பி அந்தோனியாரின் காலடியில் விழுந்தது. மெல்ல ஏறியது. கையிலிருந்த குழந்தை யேசுவைத் தாண்டியது. சுரூபத்தின் நெற்றியில் போய் நின்றது.

தொன் மிக்கேலே எங்கள் பீடத்தைக் காட்டிச் சொன்னார்: "இதெல்லாம் இங்கேயிருந்து போகவேண்டும். கோடைக்கு முன்னால்."

எழும்பி, "என்ன சுவாமி விஷயம்?" என்று கேட்டிருக்கலாம். வயது ஐம்பத்திரண்டு. இத்தாலியன் சரளம். கேட்கவில்லை. தவழ்ந்துபோய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் புகுந்து, கையில் ஒரு மெழுகுதிரிக் காலோடு, அவர்கள் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பழைய மரத்தின் மணமும் யாரோ சப்பிய புதினா மிட்டாயின் மணமும் இருந்தன.

சுவரில் இருக்கும் சுவாமிமார்

எனக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்று விளங்க, அந்தக் கோவிலை நீங்கள் கொஞ்சம் அறியவேண்டும்.

அது எந்தக் காலத்துக் கோவில் என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு பதில். மீனவர்கள் கட்டினார்கள் என்பார்கள். கப்பல் மூழ்கித் தப்பிய ஒரு வியாபாரி கட்டினான் என்பார்கள். சாமான் அறையின் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கிறது. அதில் பங்குச்சாமிமாரின் பெயர்கள் மேலிருந்து கீழாக. மேலே உள்ளவை தேய்ந்து விரலுக்கு மட்டும்தான் தெரியும். மாதம் ஒருமுறை அந்தக் கல்லைத் துடைப்பது நான். ஆகவே அவர்களோடு எனக்குப் பழக்கம்.

அவர்களின் கதைகளை எனக்குச் சொன்னது கொன்செத்தா. கோவிலுக்கு எதிர்வீடு, எழுபது தாண்டியவர், கோவில் கதவுத் திறப்பு ஒன்று எப்போதும் அவருடைய மேலங்கிப் பையில். என் பெயர் அந்தோனிப்பிள்ளை, இந்த ஊர் வழக்கப்படி அதை வெட்டி "அந்தோ!" என்று பல்கனியிலிருந்து கூப்பிடுவார். தமிழில் அதற்கு வேறு பொருள் இருப்பது அவருக்குத் தெரியாது. என் வாழ்க்கைக்கு அந்தப் பொருளும் பொருந்தும்.

கல்லின் நடுப்பகுதியில் ஒரு தொன் கயெத்தானோ. அரசாங்கம் கோவில் சொத்துகளை எழுதி எடுத்துக்கொண்ட ஒரு காலத்தில், வெள்ளிக் கிண்ணத்தைச் சந்தையில் உப்பிட்ட சாளை மீன் பீப்பாவுக்குள் புதைத்து வைத்தாராம். தேட வந்தவர்களுக்கு அதே பீப்பாவிலிருந்து மீன் எடுத்துப் பரிமாறினாராம். கிண்ணம் இன்னும் மீன் மணக்கிறது என்று கொன்செத்தா சத்தியம் செய்வார். பலமுறை முகர்ந்திருக்கிறேன். பொலிஷ் மணம்தான் வருகிறது. ஆனால் மணக்கவில்லை என்று நான் இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

அவருக்குக் கீழே ஒரு வேட்டைப் பிரியர். பாஸ்தா அவிகிற நேரத்துக்குள் பூசையை முடித்துவிட்டுத் துவக்கோடு மலையேறிவிடுவாராம். இந்தத் தெருவில் இன்றும் அவரை நல்ல சாமி என்கிறார்கள்.

இன்னும் கீழே தொன் ரோக்கோ. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் துறைமுகத்துக்குக் குண்டு விழ, தெரு முழுக்க ஊரைவிட்டு ஓடியது. அவர் ஓடவில்லை. ஒவ்வொரு குண்டுவீச்சு முடிந்ததும் மணிக்கூண்டில் ஏறி மணி அடிப்பார், "நான் இருக்கிறேன், நீங்கள் இருக்கிறீர்களா?" என்று. உயிரோடு இருக்கிறவர்கள் சட்டியிலோ தகரத்திலோ தட்டிப் பதில் சொல்லவேண்டும். கொன்செத்தாவின் தாய் தட்டிய சட்டி அவருடைய குசினியில் இன்னும் நெளிந்தபடி தொங்குகிறது. மேலிடம் அவரை வேறு பங்குக்குப் போகச் சொன்னபோது, "மணியை இறக்கித் தாருங்கள், போகிறேன்" என்றாராம்.

ஓட்டைக் காலுறை

கல்லில் கடைசிப் பெயர் தொன் சவேரியோ. அவரை எனக்கு நேரே தெரியும். எங்களுக்குக் கதவு திறந்தவர் அவர்.

நாங்கள் முதலில் வந்தபோது ஞாயிறு பின்நேரம் ஒரு தமிழ்ப்பூசையும் பக்கப் பீடம் ஒன்றும் தந்தார். அந்தப் பீடத்தில் அந்தோனியார் பல வருடமாகத் தூசி பிடித்து நின்றார்; நாங்கள் குளிப்பாட்டிப் பூ வைத்தோம். பிரச்சினை வாசலில் தொடங்கியது. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர்கள். ஞாயிறு பின்நேரம் கோவில் வாசலில் செருப்பும் சப்பாத்துமாகக் குவிந்துகிடக்கும். தெருவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. "இதென்ன கோவிலா, சந்தையா?" என்று சுவாமியிடம் முறையிட்டார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், முறையிட்டவர்களுக்குத் தலைவி கொன்செத்தா.

அடுத்த ஞாயிறு காலைப் பூசைக்கு, இத்தாலியர் பூசைக்கு, தொன் சவேரியோ சப்பாத்து இல்லாமல் பீடம் ஏறினார். காலுறையோடு. ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. பிரசங்கத்தில் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த ஞாயிறும் அதே. அதற்கடுத்த ஞாயிறும் அதே ஓட்டை. பொறுக்கமுடியாமல் கொன்செத்தா காலுறையை வாங்கித் தைத்துக் கொடுத்தார். முறைப்பாடு அதோடு முடிந்தது.

தொன் சவேரியோ மாரியில் காலமானார். மாசியில் தொன் மிக்கேலே வந்தார். மலையூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், பேச்சுக் குறைவு. வந்த கையோடு பக்கக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார். இப்போது அந்தச் சிவப்புப் புள்ளி. பொலிதேயாமா பக்கம் பழைய கோவில் ஒன்றில் ஆட்கள் பிளாஸ்ரிக் கோப்பையில் மது குடித்துக்கொண்டு பாட்டுக் கேட்பதை நானே கண்டிருக்கிறேன். இரண்டையும் கூட்டினேன். விடை சாப்பாட்டுக்கடை.

செய்தி என்னிடமே திரும்பியது

தொட்டியிலிருந்து வெளியே வந்து முதலில் தவத்துக்குப் போன் எடுத்தேன். தவம் காரைநகர்ச் சைவன், இருபது வருடச் சிநேகிதன், அலுவலகங்களின் மாடிப்படி கழுவுகிறவன்.

"மச்சான், எங்கடை கோயிலை விக்கப்போறாங்கள். அந்தோனியாரின்ரை நெத்தியிலை சிவப்புப் புள்ளி வைச்சுப் பாக்கிறாங்கள்."

"பொட்டோ? அப்ப சைவத்துக்கு மாத்தப்போறாங்கள் போலை. வரட்டும், வரட்டும். இடமிருக்கு."

"பகிடி விடாதை! சாப்பாட்டுக்கடை வரப்போகுது!"

"சாப்பாட்டுக்கடையெண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்கு விளங்குது."

அவன் அதை யாருக்கோ சொன்னான். அவர்கள் வட்ஸப்பில் போட்டார்கள். விளக்கு வைக்கிற நேரம் என் மனைவி மெற்றில்டா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னாள்: "என்னப்பா, கேள்விப்பட்டனீங்களே? கோயிலை ஹோட்டலாக்கப் போறாங்களாம். கூரையிலை நீச்சல் குளமாம்!"

நான் வெறும் சாப்பாட்டுக்கடை என்றல்லவா நினைத்திருந்தேன்! நிலைமை இவ்வளவு மோசமா? என் பொய்யையே புதுச்செய்தியாகக் கேட்டு இரண்டாம் முறை பயந்த மனிதன் நான்.

எங்கள் சட்டம்

எங்களுக்குப் பூசை வைக்கும் தமிழ்ச் சுவாமி அந்தக் கிழமை கத்தானியாவில், ஞாயிறு பூசைக்குத்தான் வருவார். அறிவுள்ளவர் ஒருவரும் அருகில் இல்லை. ஆகவே திட்டம் போட்டது நான்.

எங்கள் ஊரில் கோவில் பெருநாள் கொடியேற்றத்தோடு தொடங்கும். கொடி ஏறிவிட்டால், பெருநாள் முடிந்து இறங்கும்வரை எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டது. வழக்கு, சண்டை, குடிபெயர்வு, எல்லாம் பிறகுதான். தவத்திடம் கேட்டேன், சைவக் கோவிலிலும் அப்படித்தான் என்றான். இரண்டு சமயமும் ஒத்துக்கொண்ட சட்டத்தை ஒரு மலையூர்ச் சாமி எப்படி மீறுவார்? கொடியை ஏற்றிவிட்டால் எங்களை அசைக்கமுடியாது.

அந்தச் சட்டம் பலெர்மோவில் ஒருவருக்கும் தெரியாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

"அந்தோனியார் பெருநாள் ஆனியிலை," என்றாள் மெற்றில்டா. "இது தபசு காலம், நோன்பு நாள். சுரூபத்துக்கே ஊதாச் சீலை போடுற நேரத்திலை கொடி ஏத்தப்போறீங்களோ? உங்களுக்கென்ன விசரே?"

"ஆனி மட்டும் விட்டால் கொடி ஏத்தக் கோயில் இராது."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அலுமாரியைத் திறந்து கொடியை எடுத்து இஸ்திரி போட்டாள்.

ஞாயிறு மத்தியானம், காலைப் பூசைக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு, நானும் தவமும் வேறு சிலருமாக வாசலுக்குப் போனோம். எங்கள் கொடிமரம் ஓர் இரும்புக் குழாய். அடியில் சீமெந்து நிரப்பிய பெயின்ற் வாளி. அதைக் கோவிலின் கம்பி வேலியோடு சேர்த்துக் கட்டினோம். கயிறு இழுத்தேன். பாதியில் சிக்கியது. தவம் வாங்கி இழுத்தான். வெள்ளைத் துணியில் அந்தோனியார் மீன் சந்தைக்கு மேலே விரிந்தார்.

"அந்தோ!" பல்கனியிலிருந்து கொன்செத்தா. "இப்ப என்னத்துக்குப் பெருநாள்?"

அவர் பேசியது சிசிலி மொழி. அதை நான் எங்கள் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன். கோபம் இரண்டிலும் ஒரே மாதிரித்தான் ஒலிக்கும். நான் கீழேயிருந்து கத்திக் கத்தி எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல சப்பாத்துகள், புள்ளி, சாப்பாட்டுக்கடை, நீச்சல் குளம், கொடியின் சட்டம்.

அவர் உள்ளே போனார். கோபித்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து, கொடிமரத்தடியில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார்.

"எனக்குச் சொல்லாமல் விக்கிறாங்களோ? வரட்டும்."

கொன்செத்தா கதிரை போட்டால் அந்தத் தெருவில் அது அழைப்பு. அடுத்த வீட்டுக் கதிரை வந்தது. அதற்கடுத்த வீட்டுக் கதிரை வந்தது. எங்கள் பெண்கள் தமிழ்ப்பூசைக்கு வந்து சேர, அவர்களுக்கும் கதிரை. கோவில் வாசல் முழுக்க அடைபட்டது.

வெடிப்பு

தொன் மிக்கேலே கையில் ஒரு பாண் பையோடு நடந்து வந்தார். கொடியைப் பார்த்தார். கதிரைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், ஏனென்றால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் தவத்துக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். வாய் மட்டும் கேட்கவில்லை.

"நாங்கள் போகமாட்டோம், தொன் மிக்கேலே," என்றேன். "இந்த வாசலில் செருப்பைக் கழற்றின நாளிலிருந்து இது எங்கள் கோவில். எங்கள் பிள்ளைகளுக்கு இங்கே ஞானஸ்நானம். எங்கள் செத்தவர்களுக்கு இங்கே பூசை. உங்களுக்கு முன்னால் இருந்தவர்களைச் சுவரில் நான்தான் துடைக்கிறேன். நீங்கள் எங்கே வேண்டுமானாலும் கடை போடுங்கள். அந்தோனியார் அசையமாட்டார்."

"என்ன கடை?"

"சாப்பாட்டுக்கடை."

அவர் ஒடுங்கிய தெருவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "போர்கோ வெக்கியோவிலா? காரை எங்கே நிறுத்துவார்கள்?" என்றார்.

யாரோ சிரித்தார்கள். தவம்தான்.

அவர் கொன்செத்தாவையும் என்னையும் மட்டும் உள்ளே கூட்டிப்போனார். அந்தோனியார் பீடத்துக்குப் பின்னால், நான் வியாழன் தோறும் முழங்காலில் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு பழைய படத்தை நகர்த்தினார். சுவரில் வெடிப்பு. "கையை உள்ளே விடு," என்றார் என்னிடம். முழங்கை வரை போனது. உள்ளே குளிர்காற்று அடித்தது. மறுபக்கம் பகல் தெரிந்தது.

நல்ல சப்பாத்துக்காரர்கள் சுவரை அளக்க வந்த பொறியியலாளர்கள். சுரூபத்தையும் பீடத்தையும் அகற்றி, சுவருக்கு முட்டுக் கொடுத்து, ஆனிப் பெருநாள் வரையாவது கோவிலைத் திறந்து வைத்திருக்கலாம் என்று அவர் கெஞ்சியிருக்கிறார். 'கோடைக்கு முன்னால்' என்றது எங்கள் பெருநாளுக்காக. பக்கக் கதவுக்குப் பூட்டு, அந்தப் பக்கம் கல் விழத் தொடங்கியிருந்ததால். அவர்கள் முடியாது என்றுவிட்டார்கள். திங்கள் முதல் கோவில் மூடப்படும்.

"எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது. இந்த ஊரில் நான் பிறக்கமுதல் மூடின கோவில்கள் இருக்கின்றன. மறந்துவிடுவார்கள், அந்தோனியோ. பூட்டின கதவை எல்லோரும் மறந்துவிடுவார்கள். உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் திரிந்தேன்."

என் சாப்பாட்டுக்கடை அப்போது எவ்வளவு நல்ல கனவாகத் தெரிந்தது தெரியுமா! அதில் குறைந்தது கதவாவது திறந்திருக்கும்.

கொன்செத்தாதான் முதலில் பேசினார். "அந்தோ, உன்ரை கொடி எப்ப இறங்கும்?"

"பெருநாள் முடிய."

"பெருநாள் எங்கை நடக்கும்?"

"கோயிலுக்கை."

"கோயில் திறக்காட்டில்?"

"கொடி இறங்காது."

"சரி," என்று வெளியே போகத் திரும்பினார்.

"தவக்காலத்தில் கொடி கூடாது," என்றார் தொன் மிக்கேலே. "யாரிடமும் கேட்கவுமில்லை."

கொன்செத்தா சாமான் அறைப் பக்கம் விரலை நீட்டினார். "அந்தக் கல்லிலை இருக்கிறவங்களிலை ஆரைத் தெரியும் உனக்கு? மீன் பீப்பாக்காரன் கேட்டுச் செய்தவனோ? மணியடிச்சவன் கேட்டுச் செய்தவனோ? சப்பாத்துக் கழட்டினவன்? உன்ரை பேரை அதிலை வெட்ட இன்னும் இடம் கிடக்கு, மகனே. வெட்டுறதோ இல்லையோ நீதான் சொல்லவேணும்."

அவர் சாமான் அறைப் பக்கம் நடந்தார். நாங்கள் வெளியே வந்தோம். கொஞ்சம் கழித்து அவரும் வந்தார். கழுத்தில் ஊதா நிறப் பட்டி, கையில் தீர்த்தம். கொடிமரத்துக்குத் தெளித்தார். வாளிக்கும் தெளித்தார். மிச்சம் இருந்ததை எங்கள் மேல் தெளித்தார்.

தெருவில்

திங்கள் கதவுக்குச் சங்கிலி போட்டார்கள். அடுத்த ஞாயிறு தெருவில் பூசை. தெருவில் வாகனங்களை மறிக்க ஞாயிற்றுக்கிழமையில் ஒரு தடவைதான் அனுமதி கிடைத்தது. அதனால் காலையில் அவர்களுக்கு, பின்நேரம் எங்களுக்கு என்று பிரிக்க முடியவில்லை. பதினொரு மணிக்கு எல்லோரும் ஒன்றாக, அவரவர் கதிரையோடு. அவர்கள் எங்கள் பாட்டின் கடைசி வரியைக் கற்றுக்கொண்டார்கள். நாங்கள் அவர்களுடைய முழுப் பாட்டையும் பிழையாகக் கற்றுக்கொண்டோம்.

வெயில் எரித்தது. தென்காற்று மணலைக் கொண்டுவந்து நற்கருணைத் தட்டில் போட்டது. மாரியில் குடை பிடித்து முழங்காலில் நின்றோம். தெருத்தண்ணீர் ஊறிய முழங்காலோடு திங்கள் வேலைக்குப் போனோம்.

நடைபாதையை அடைக்கிறது என்று குழாயைக் கழற்றச் சொல்லி நகரசபையிலிருந்து ஒருவர் வந்தார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் வந்தார்கள்.

"அது இறங்காது. சட்டம்," என்பார் கொன்செத்தா.

"எந்தச் சட்டம், சிஞ்ஞோரா?"

"தமிழரின்ரை சட்டம்."

வந்தவர் எழுதிக்கொண்டு போவார். கத்தானியாவிலிருந்து வந்த தமிழ்ச் சுவாமி, திருச்சபையில் அப்படி ஒரு சட்டமே கிடையாது என்று பொறுமையாக விளக்கினார். அவருக்கு ஒரு கதிரை கொடுத்து இருத்தினோம். ஆனியில் பெருநாள் தேதி வந்தது. தெருவில் பூசை வைத்தோம். கொடியை இறக்கவில்லை. துணி கிழிந்தபோது மெற்றில்டா ஏணியில் ஏறி, மேலேயே வைத்துத் தைத்தாள். எனக்கு ஏணி என்றால் பயம்; நான் கீழே நின்று பிடித்தேன். அதுவும் ஒரு பங்களிப்பு.

நடந்ததைச் சோடனை இல்லாமல் சொல்கிறேன். கோவில் சாப்பாட்டுக்கடையாகவில்லை. எங்களை யாரும் துரத்தவில்லை. சுவருக்கு இரும்பு கட்டி, கூரையைப் பிரித்து வேய்ந்து, இரண்டாவது மாரி முடிய கதவைத் திறந்தார்கள். எங்கள் பிடிவாதத்தால் திறந்ததா, தொன் மிக்கேலே ஏறி இறங்கிய அலுவலகங்களால் திறந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆனியில் பெருநாளை உள்ளே வைத்து முடித்துக் கொடியை இறக்கினோம். அதே காலத்தில் மூடிய இன்னொரு கோவில், துறைமுகப் பக்கம், இன்றும் பூட்டித்தான் கிடக்கிறது. எங்கள் கோவிலில் ஞாயிறு பதினொரு மணிக்கு ஒரே பூசை, இரண்டு மொழியில். பின்நேரப் பூசையை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை.